நீல வெளிச்சத்தில் திரண்டவை

நுண்ணோக்கி அறைக்குச் சன்னல் கிடையாது. கதவுக்கு உள்பக்கம் ஒரு கனமான கறுப்புத் திரை தொங்கும். அதை விலக்கிக்கொண்டு நுழைபவர்கள் கண் தெரியாமல் சற்று நேரம் நின்று, நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டு, "எங்க இருக்கீங்க?" என்று கேட்பார்கள். அவள் மட்டும் எதிலும் இடித்துக்கொண்டதில்லை. அதனால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'ஆந்தை' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

உயிருள்ள செல்லுக்குள் ஒரு புரதம் எப்படி நகர்கிறது என்று படம் பிடிப்பது அவள் வேலை. முதுமையில் வரும் சில மூளை நோய்களில் அந்தப் புரதம் செல்லுக்குள் கட்டிகட்டியாகத் திரண்டு கிடக்கும். இறந்த செல்லை வெட்டிப் பார்த்தால் திரள் தெரியும். அது எப்படித் தொடங்கியது என்பது தெரியாது. அடிதடி முடிந்த பிறகு தெருவுக்குள் போய் முதலில் கையை ஓங்கியது யார் என்று விசாரிப்பதுபோலத்தான். ஆகவே செல் உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும். புரதத்தோடு ஒளிரும் வால் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். நீல ஒளி பட்டால் அது பச்சையாக மின்னும். நுண்ணோக்கியைச் சுற்றி ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் எப்போதும் உடம்புச் சூடு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இயந்திரம் ஷட்டரைத் திறக்கும், ஒளி பாயும், ஒரு படம் எடுக்கும், ஷட்டரை மூடிக்கொள்ளும். நாள் முழுக்க எடுத்த படங்களைக் கோத்து ஓடவிட்டால், செல்லின் ஒரு பகல் ஒரு நிமிடத்தில் ஓடி முடியும்.

ஷட்டர் மூடுவதற்குக் காரணம் உண்டு. செல்லுக்கு நீல ஒளி என்பது வெயில். கொஞ்சம் பட்டால் தாங்கும், நெடுநேரம் பட்டால் துவளும். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லித்தரும் முதல் பாடம் இதுதான்.

இரண்டு ஆண்டுகளாக அவள் படங்களில் ஒன்று தெரிந்துகொண்டிருந்தது. எந்தக் குறையும் இல்லாத, இளமையான செல்களிலேயே அந்தப் புரதம் திரண்டது. காலையில் செல் முழுக்கப் பனிமூட்டம்போல ஒரே சீராக மின்னும். மதியத்துக்குள் அங்கங்கே புள்ளிகள் தோன்றும். புள்ளிகள் ஊர்ந்து ஒன்றோடொன்று சேரும். சாயங்காலம் பார்த்தால் பால் திரிந்ததுபோல இருக்கும். வயதோ பரம்பரைக் குறையோ சேர்ந்தால்தான் இது நடக்கும் என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். எதுவும் வேண்டாம், சும்மா இருந்தாலே நடக்கும் என்றன அவள் படங்கள். கட்டுரை ஆய்விதழுக்குப் போனது. மதிப்பிட்டவர்கள் பாராட்டிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இதை வேறொருவர், தன் கையால், தானும் செய்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

"அதெல்லாம் சம்பிரதாயம்மா. ஒரு வாரத்துல முடிஞ்சிரும்" என்றார் தலைவர். ஆய்வுக்கூடம் அவருடையது. "இது மட்டும் நிலைச்சுட்டா, உனக்குன்னு தனிக் குழு. அடுத்தவன் செல்லுக்கு நீ படம் பிடிச்சது போதும்."

பதினைந்து வருடங்களாக அவள் அடுத்தவர்களின் செல்களுக்குத்தான் படம் பிடித்திருந்தாள். கட்டுரைகளின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், அவள் பெயர் வரும். இந்தத் திரள்கள் மட்டும்தான் அவள் முதலில் பார்த்தவை. அவை நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த ஆண்டில் அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

இயந்திரத்தை ஓட விட்டுவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். மாலையில் வந்து படங்களை எடுத்துக்கொண்டால் போதும். அவள் போக மாட்டாள். இரண்டு படங்களுக்கு நடுவே 'நேரலை' என்ற பொத்தானை அழுத்தி, விளக்கை இருப்பதிலேயே குறைந்த அளவில் வைத்துக்கொண்டு, செல்கள் வளரும் கண்ணாடித் தட்டின் நடுப்பகுதி முழுக்கச் செல் செல்லாகச் சுற்றி வருவாள். சில செல்களைத் தூரத்திலேயே அடையாளம் தெரியும். ஒன்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நொண்டும். ஒன்று பக்கத்துச் செல்மேல் சாய்ந்தே கிடக்கும். அடுத்த படத்துக்கு நேரமானால் இயந்திரம் தானாகவே பழைய இடத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளும். பிறகு அவள் மறுபடி கிளம்புவாள்.

அவள் குடியிருந்தது லிஃப்டுக்கு எதிரே ஒரு சிறிய வீடு. அக்கம்பக்கத்தாரைச் செருப்புகளை வைத்துத்தான் அவளுக்குத் தெரியும். எதிர்வீட்டு வாசலில் குழந்தைச் செருப்பு ஒன்று வளர்ந்துகொண்டே போனது. குழந்தையை அவள் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி போன் செய்வாள்.

"என்ன நாத்தனாரே, உன் லேப் பிள்ளைங்க எல்லாம் சௌக்கியமா? நேரத்துக்குச் சாப்பிடுதா?"

"சாப்பிடுதுங்க அண்ணி. உங்க பிள்ளைங்களை விட ஒழுங்கு. எதிர்த்துப் பேசறதில்ல."

"பேசாதுல்ல, அதான் உனக்குப் பிடிச்சிருக்கு. சரி, உங்க அண்ணன்கிட்ட குடுக்கறேன்... தூங்கிட்டாரு. அடுத்த வாரம் பேசு."

சோதனையைத் திருப்பிச் செய்ய வேறு நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகளின் தாய். எல்லோரும் அவளை 'விருந்தாளி' என்றார்கள். வந்த அன்றே நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டு, "இந்த இருட்டுல எப்படி மேடம் குடித்தனம் பண்றீங்க?" என்றாள். வேலை தெரிந்தவள். துளி அளந்து விடும் பைப்பெட்டைப் பிடிக்கும் விதத்திலேயே அது தெரிந்தது. அதே செல்கள், அதே தட்டு, அதே இயந்திரம். படங்களை ஓட விட்டதும் ஒழுங்காகக் கதவைச் சாத்திவிட்டு, வராந்தாவில் நின்று வீட்டுக்குப் போன் பேசினாள். கதவைத் தாண்டிக் குரல் கேட்கும். "சின்னவன் மூச்சு விடறது தொந்தரவா இருக்குன்னு பெரியவ அழறாளா? அவனை என்ன பண்ணச் சொல்றே, விடாம இருக்கச் சொல்லவா?"

மாலையில் பார்த்தால் திரள் இல்லை. காலையில் இருந்த பனிமூட்டம் அப்படியே இருந்தது.

மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஆந்தை தானே செய்தாள். மதியத்துக்குள் புள்ளிகள் வந்தன, சாயங்காலம் பால் திரிந்தது. அடுத்த நாள் விருந்தாளி. ஒன்றும் இல்லை.

"கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்கு பாத்தீங்களா" என்று தலைவர் வராந்தாவில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார். அது விருந்தாளி காதில் விழுந்தது. அன்று அவள் மதியம் சாப்பிடப் போகவில்லை. கை கழுவும் தொட்டியருகே நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த குப்பிகளை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆந்தை அருகே போய் நின்றாள். "நாளைக்கு நான் பண்றேன். நீ பக்கத்துல உக்காரு. நான் என்ன செய்யறேன்னு ஒண்ணு விடாம பாரு. எங்கயோ ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும்."

"நான் எல்லாம் சரியாத்தான் மேடம் பண்றேன்."

"தெரியும். அதனாலதான் பாக்கச் சொல்றேன்."

மறுநாள் இரண்டு நாற்காலிகள். அந்த அறையில் இரண்டாவது நாற்காலி சாமான் வைக்கத்தான் பயன்பட்டுவந்தது. அவள் அதைத் துடைத்துப் போட்டாள். தட்டை வைத்தாள், பெட்டியை மூடினாள், இடங்களைக் குறித்தாள், ஓட்டத்தைத் தொடங்கினாள். எல்லாவற்றையும் விருந்தாளி பார்த்துத் தலையாட்டினாள். வித்தியாசம் எதுவும் இல்லை.

"இனிமே?"

"இனிமே காத்திருக்கணும்."

"இங்கயே உக்காந்தா? இந்தக் கம்ப்யூட்டர் திரை வெளிச்சம் எனக்குத் தலைவலிக்குதே. கொஞ்சம் அணைச்சிக்கலாமா? படம் பாட்டுக்கு ஓடும் இல்ல?"

"ஓடும்" என்று சொல்லி அவள் திரையை அணைத்தாள்.

இருட்டில் முகம் தெரியாதபோது பேசுவது எளிதாக இருந்தது. விருந்தாளி தன் கணவனைப் பற்றிச் சொன்னாள்: கண்ணுக்கு எதிரே இருக்கும் தயிர்க் கிண்ணத்தை ஃபிரிட்ஜில் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியாதவர், வேலையோ காணாமல் போன சரக்குப் பெட்டிகளைக் கண்டுபிடிப்பது. ஆந்தை சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் அந்த அறையில் அவளுக்கே புதிதாக இருந்தது.

"உங்க வீட்ல யாரு மேடம்?"

"நான்தான்."

"கல்யாணம்?"

"நடந்துச்சு. ரெண்டு பேருக்குமே இப்ப சரியா ஞாபகம் இல்ல."

விருந்தாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தனியா இருக்கப் பயமா இருக்காது?"

"எனக்கென்ன பயம்? திருடன் வந்தா அவனுக்குத்தான் கஷ்டம். பேச்சுத்துணைக்கு உக்கார வச்சிருவேன். காலைலதான் விடுவேன்."

"அக்கா, நீங்க இவ்ளோ பேசுவீங்கன்னு யாருமே சொல்லலியே!"

எப்போது மேடம் அக்காவானாள் என்று இருவருமே கவனிக்கவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டை வராந்தாவில் வைத்துப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். பெரியவள் சின்னவனின் தலைமுடியை வெட்டிய கதை, மாமியார் அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிய கதை. நேரம் போனதே தெரியவில்லை. இயந்திரம் அவ்வப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டது. அது ஷட்டர். வேறெப்போதும் அந்தச் சத்தத்தை அவள் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

மாலையில் கணினித் திரையைப் போட்டாள்.

திரள் இல்லை. ஒரு செல்லில்கூட இல்லை.

"பாத்தீங்களா!" விருந்தாளி கையைத் தட்டினாள். "நான்தான் ராசி இல்லாதவ. நான் பக்கத்துல இருந்தாலே உங்க புரதம் கூச்சப்படுது." இத்தனை நாள் மனதில் இருந்த பாரம் அவளுக்கு இறங்கிவிட்டது, அது குரலில் தெரிந்தது. ஆந்தை சிரிக்க முயன்றாள்.

அன்று வீட்டுக்குப் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். தட்டு அதே. செல் அதே. கையும் அவளுடையதே. இன்று அவள் செய்யாதது என்ன என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். நெடுநேரம் தேவைப்படவில்லை. இன்று அவள் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்தாள்.

காலையில் முதல் ஆளாகப் போய்ப் பழைய படங்களைத் திறந்தாள். வெயிலில் காயும் துணி சாயம் போவதுபோல, ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பச்சை மினுக்கமும் மங்கும். மங்கலைச் சரிக்கட்டுவதற்கு மென்பொருளில் ஒரு வசதி உண்டு. அதை எல்லோரும் எப்போதும் இயக்கியே வைத்திருப்பார்கள், அவளும்தான். இப்போது அதை நிறுத்திவிட்டு ஓடவிட்டாள். விருந்தாளியின் படங்கள் காலையில் இருந்த பிரகாசத்திலேயே மாலைவரை இருந்தன. நேற்றையதும் அப்படியே. தான் தனியாக எடுத்தவை எல்லாம், இரண்டு ஆண்டுகளின் எல்லாப் படங்களும், மெல்ல மெல்ல மங்கி, கடைசியில் சாம்பலாகியிருந்தன.

நேரலையில் ஷட்டர் திறந்தே இருந்தாலும், குறைந்த அளவு விளக்குத்தானே என்று நினைத்திருந்தாள். அந்த எண்ணம் முட்டாள்தனம் என்று சொல்ல அவளைவிடத் தகுதியான ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. படம் எடுக்காத பக்கத்துச் செல்களைக்கூட ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள். அவற்றிலும் திரள் இருந்தது. அதனால்தான் ஒளியின்மேல் சந்தேகமே வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துச் செல்களிடமும் அவள் தினமும் போய் நின்றிருந்தாள். நொண்டியிடம், சாய்ந்து கிடந்தவளிடம். தட்டின் நடுவில் அவள் போகாத இடம் இல்லை.

சந்தேகம் மிச்சம் இருக்கக்கூடாது என்று இரண்டு தட்டுகளை ஒரே சமயத்தில் தயாரித்தாள். முதல் தட்டை வைத்து, ஷட்டரை மூடி, இடையில் ஒரு படமும் எடுக்காமல் விட்டாள். அறையில் இருந்தால் கை பொத்தானுக்குப் போகும். ஆகவே வெளியே வந்தாள். எங்கே போவது என்று தெரியவில்லை. வேலை நாளின் பகலில் அந்தத் தெருவை அவள் பார்த்ததில்லை. சாவி செய்யும் கடை ஒன்று இருந்தது; இத்தனை வருடம் அது எப்போதும் மூடியே இருக்கும் கடை என்று நினைத்திருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். பேருந்துகள் நின்று, அவள் ஏறுவாள் என்று சற்றுக் காத்திருந்து, போயின. மாலையில் திரும்பிவந்து ஒரே ஒரு படம் எடுத்தாள். செல்கள் நிம்மதியாக இருந்தன. ஒரு புள்ளியும் இல்லை.

மறுநாள் இரண்டாவது தட்டோடு உள்ளே உட்கார்ந்தாள். எப்போதும்போல நேரலையைப் போட்டு, எப்போதும்போல செல் செல்லாகச் சுற்றினாள். கடைசி முறை என்று தெரிந்து பார்த்ததால் கவனமாகப் பார்த்தாள். மதியத்துக்கு முன்பே முதல் புள்ளி வந்தது. அது வந்த செல் உருண்டையாக, அழகாக இருந்தது. அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

தலைவர் அறைக்கு மாடி ஏறும்போது ஒரு பதிலைத் தயார்செய்துகொண்டாள்: தட்டு நகர்ந்துவிடுகிறதா என்று சரிபார்க்க நேரலையைப் போட்டிருந்தேன். நம்பும்படியான பதில்தான்.

"வா வா. அந்தப் பொண்ணு ஊருக்குக் கிளம்பட்டும்" என்றார் அவர். "வேற நல்ல ஆளாக் கூப்பிடுவோம்."

"வேற ஆள் வேண்டாம் சார். அவ பண்ணதுதான் சரி."

இரண்டு தட்டுகளின் படங்களையும் அவர் முன்னால் வைத்தாள். பழைய படங்கள் மங்குவதையும் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ஷட்டர் ரிப்பேரா?" என்று கேட்டார். அப்படி இருந்துவிடக்கூடாதா என்ற ஏக்கம் அவர் குரலில் இருந்தது. "பழைய ஷட்டர். ஒழுங்கா மூடலியோ என்னவோ."

"ஷட்டர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் திறந்து வச்சிருந்தேன்."

"எப்பல்லாம்?"

"தனியா இருந்தப்பல்லாம்."

"ஃபோகஸ் சரிபாக்கவா?"

இந்த இடத்தில்தான் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டும். அவர் அதைத் தன் வாயாலேயே பாதி எடுத்துக் கொடுத்துவிட்டார். "இல்ல சார்" என்றாள்.

"பின்ன எதுக்கும்மா? படம்தான் தானா எடுக்குதே?"

"சும்மாதான். பாத்துக்கிட்டு இருந்தேன்." அது போதவில்லை என்று அவளுக்கே பட்டது. "அதுங்க அங்க இருந்துச்சு. போய்ப் போய்ப் பாத்தேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். மேசைமேல் எதையோ தேடினார். பேனா அவர் கையிலேயே இருந்தது. வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கணும்" என்றார் கடைசியில். "காரணம் எழுதணுமே. என்னன்னு எழுதறது?"

"'படங்களுக்கு இடையிலும் தொடர்ந்து ஒளி பட்டதால்'னு எழுதலாம் சார்."

"ஆமா." அவருக்கும் நிம்மதியாக இருந்தது. "ஆமா, அவ்வளவு போதும். அதுக்கு மேல யாருக்கும் வேண்டியதில்ல." பிறகு, அவள் எழுந்த பிறகு, "வெளிச்சம் பட்டா திரளுதுங்கறதும் ஒரு முடிவுதான். சின்னதா ஒரு கட்டுரை போடலாம். முதல் பேரு உன்னதுதான்" என்றார். தனிக் குழுவைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

விருந்தாளி ஊருக்குக் கிளம்பும்போது நுண்ணோக்கி அறைக்கு வந்தாள். இந்த முறை முழங்காலை இடித்துக்கொள்ளவில்லை. "அக்கா, நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா என் கைதான் சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பாங்க" என்று ஆந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எங்க ஊருக்கு வாங்க. கட்டாயம் வரணும். எங்க வீட்ல நீங்க பேசறதுக்கு ஆள் தேட வேண்டாம், வாயை மூட வைக்கத்தான் ஆள் தேடணும்." நம்பரைப் போனில் தானே பதிந்து கொடுத்துவிட்டுப் போனாள். வாடகை வண்டி வந்துவிட்டது.

சின்னக் கட்டுரைக்கு நிறையத் தட்டுகள் தேவைப்பட்டன. பாதி வெளிச்சத்தில், பாதி இருட்டில். வெளிச்சத் தட்டுகளுக்கு விளக்கை எவ்வளவு நேரம் எரியவிடுவது என்பதை இயந்திரத்திடம் ஒப்படைத்தாள். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், யாருடைய கையும் படக்கூடாது. ஓட்டம் நடக்கும்போது அறைக்குள் ஆள் இருக்கக்கூடாது என்றும் அவளே விதி வைத்தாள். காலையில் தட்டை வைத்துவிட்டு, திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வராந்தாவில் கிடந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

வராந்தாவில் வெளிச்சம் அதிகம். மாடிக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். எரிவாயு உருளைகளை மாற்றுகிறவர் வந்தார். அவளைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்.

"என்னம்மா, மெஷின் ரிப்பேரா?"

"இல்லீங்க. உள்ள ஓடிட்டிருக்கு."

"அப்புறம் ஏன் வெளிய உக்காந்திருக்கீங்க?"

"அது தனியா ஓடணும்."

அவர் மூடிய கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், உருளையைச் சாய்த்துப் பிடித்து வண்டியை நகர்த்திக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்து வருகிறவரும் கேட்பார் என்று தெரிந்து, அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.